உள்ளிருந்து இறங்கும் ஷட்டர்

ஷட்டர்காரரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அதன் ஷட்டரை வைத்தே உள்ளே இருப்பவர்களின் யோக்கியதையை அளந்துவிடுவார். துருப்பிடித்துக் கிறீச்சிட்டால் தேறாத கேஸ். கிரீஸ் போட்டு வழுவழுவென்று இறங்கினால் கௌரவமான இடம். இருபத்திரண்டு வருஷமாக அவர் நம்பி வந்த அளவுகோல் அது. அந்த வாரம் அது அவரை நடுத்தெருவில் நிறுத்தியது.

பாங்கின் நான்கு கிளைகளிலிருந்தும் ஒரே நாளில் அழைப்பு வந்தது. வெளியே நின்று கொக்கி போட்டு இழுக்கும் பழைய ஷட்டர்களை, உள்ளே நின்றபடியே சங்கிலியால் இறக்குகிற மாதிரி மாற்ற வேண்டுமாம். வியாழக்கிழமைக்குள் நான்கும் முடிந்தாக வேண்டுமாம். முன்பு ஒரு ஷட்டரின் சுருள்வில்லை மாற்றிய கூலிக்கு மூன்று மாதம் அலையவிட்ட அதே பாங்க், இந்த முறை பாதிப் பணத்தை அன்றைக்கே ரொக்கமாகக் கையில் வைத்தது. வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே காது விடைத்திருக்கும். பாங்க் ஆட்கள் சாயங்காலம் வெளியே வந்துதானே பூட்டிக்கொண்டு போகிறார்கள், உள்ளேயிருந்து இறக்கும் அவசரம் எப்போது வரும் என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள். நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. ரொக்கம் முழுவதையும் இரும்புக்கடையில் கொட்டிவிட்டு வேலையில் இறங்கினார்.

திங்கட்கிழமை காலை அக்கா பட்டறைக்கு வந்தாள். முழங்கால் வலியோடு இரண்டு தெரு நடந்து வந்திருந்தாள். அத்தான் மில் இயந்திரத்தில் சிக்கி இறந்தபோது கொடுத்த நஷ்ட ஈடு அந்த பாங்கில்தான் இருந்தது. மாதாமாதம் அதில் வரும் வட்டியில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

“மூணு நாளா ஏ.டி.எம் மெஷின்ல பணம் வரலடா. உள்ள போய்க் கேட்டா நாளைக்கு வாங்கங்கறாங்க. எனக்கு என்னமோ சரியாப் படல. நீ அங்கதானே வேலை செய்யற, எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துடு.”

“எவனோ கிளப்பி விட்டதைக் கேட்டுட்டு வந்தியாக்கா? நாலு ஷட்டருக்குச் செலவு பண்றவன் நாளைக்கே கடையைக் கட்டிடுவானா?”

“உன் ஷட்டர் கதையெல்லாம் வேணாம். எடுத்துட்டு வா.”

பாஸ்புக்கையும் கையெழுத்துப் போட்ட சீட்டையும் அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். அவர் அதை ஸ்பேனர்களோடு பைக்குள் போட்டார். திங்கள் எடுக்கவில்லை, செவ்வாய் எடுக்கவில்லை, புதனும் எடுக்கவில்லை. எடுத்தால், தன் வேலையைத் தானே சந்தேகப்படுவது போலாகும் என்று இருந்தது அவருக்கு.

செவ்வாயன்று பஞ்சர்க்காரரும் கேட்டார். பதினெட்டு வருஷமாக ஒரு சுவரோர நிழலில் குந்தி டியூப் ஒட்டியவர். சிறுகச் சிறுகச் சேர்த்து, அடுத்த மாதம் தொழிலுக்கென்று ஓர் அறை வாடகைக்குப் பிடிக்கப்போகிறார். அந்த அறைக்கு ஒரு குட்டி ஷட்டர் வேண்டுமென்று சனிக்கிழமையே அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். ஷட்டர்காரர் அந்த அட்வான்ஸைக் கையோடு கொண்டுபோய்த் தன் கணக்கில் போட்டிருந்தார். அதே பாங்கில்தான்.

“எல்லாரும் எடுக்கறாங்களே, நானும் எடுத்துடவா?”

“பேசாம இருங்க. உள்ள நடக்கறதெல்லாம் நான் பார்க்கறேன்ல?”

“நீங்க சொன்னா சரி” என்று பஞ்சர்க்காரர் போய்விட்டார்.

பார்த்தார்தான். வட்டி விகிதப் பலகையில் பழைய எண்ணின் மேல் அதைவிட உயர்ந்த புது எண் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். மேனேஜரம்மா மேஜையிலிருந்த அவர் மகளின் படமும் சின்னப் பூந்தொட்டியும் காணாமல் போனதைப் பார்த்தார். எப்போதும் கொட்டாவி விடும் காசாளர், போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ கெஞ்சியதையும் பார்த்தார். எல்லாம் பார்த்துவிட்டு, இடத்தைப் புதுப்பிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கிரீஸ் தடவினார். கண் இருந்து என்ன செய்ய?

வியாழன் பதினோரு மணிக்கு, அக்காவின் கணக்கு இருந்த கிளையில் நான்காவது ஷட்டர் முடிந்தது. அவசரப்பட்டு யாரும் இழுத்துவிடக் கூடாதென்று சங்கிலிச் சக்கரத்தில் ஓர் ஆணியைச் செருகி வைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். அப்போதுதான் வெளியே பார்த்தார். காலையில் பத்துப் பேர் நின்ற இடத்தில் தெருமுனை வரைக்கும் தலைகள். சத்தம் இல்லை. சண்டை போட்டால்கூடத் தேவலாம் போலிருந்தது. எல்லோரும் பாஸ்புக்கை மார்போடு அணைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி நின்றார்கள். காவலாளி பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

ஷட்டர்காரர் பையைக் கவிழ்த்துச் சீட்டைத் தேடி எடுத்து, கவுண்டருக்கு ஓடினார். கை கிரீஸ் சீட்டின் ஓரத்தில் அப்பியது.

“டோக்கன் இருக்கா?” என்றார் காசாளர். “டோக்கன் இல்லாம குடுக்க முடியாதுங்க. மேடம் கையெழுத்து போட்டாத்தான்.”

மேனேஜரம்மா அறையிலிருந்து போனும் கையுமாக வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. “தலைமை ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஷட்டரை இறக்கிடுங்க. உள்ள இருக்கறவங்களுக்கு மட்டும் இருக்கறதைக் குடுத்து அனுப்பலாம்.”

“மேடம், வெளில அவ்ளோ பேர் நிக்கறாங்க.”

“தெரியும். நீங்க இறக்குங்க.”

ஷட்டர்காரர் நகரவில்லை. மேனேஜரம்மாவே போய்ச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. “என்ன இது, மாட்டிக்கிச்சா?”

ஆணி எங்கே இருக்கிறதென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். தெரியாது என்று சொல்லிவிடலாம், ரிப்பேர் என்று சொல்லிவிடலாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வரிசையில் நான்காவதாகப் பஞ்சர்க்காரர் நின்றார். பாஸ்புக்கை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிடித்திருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் தெளிந்து, பின்னால் நின்றவரிடம் ஏதோ சொன்னார். நம்ம ஆள் உள்ளே இருக்கிறார், பயமில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

மேனேஜரம்மா அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

“யாருது?”

“எங்க அக்காவுது.”

மேனேஜரம்மா பேனாவைத் திறந்தார். “இதுல நான் கையெழுத்துப் போடறேன். நீங்க போய் அதை இறக்குங்க. கும்பல் உள்ள பூந்துட்டா யாருக்குமே கிடைக்காது.”

அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்த நியாயத்தைத்தான் ஷட்டர்காரர் பிறகு எத்தனையோ முறை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது அக்காவின் முழங்கால் மட்டும்தான். அவர் ஆணியை உருவினார். காவலாளி கதவைச் சாத்தினார். ஷட்டர்காரர் தூணுக்குப் பின்னால் நின்று சங்கிலியை இழுத்தார். வெளியே இருந்தவர்களின் தலை மறைந்தது, பாஸ்புக் மறைந்தது, கடைசியில் செருப்புகள் மறைந்தன. அவர் வாழ்நாளில் போட்ட ஷட்டர்களிலேயே அதுதான் சத்தமில்லாமல் இறங்கியது. அதற்குப் பிறகுதான் வெளியே தகரத்தில் கைகள் அறையத் தொடங்கின.

பின்கட்டு வழியாகப் பணத்தைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, தன்னை நினைத்தால் அருவருப்பாகவும் இருந்தது.

மறுநாள் காலை பஞ்சர்க்காரர் பட்டறைக்கு வந்தார். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. அறைக்கென்று வெட்டி வைத்திருந்த குட்டி ஷட்டரின் தகரப் பட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

“சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருந்தேன். படியிலேயே உட்கார்ந்துட்டேன். எப்போ திறப்பாங்க?”

“தெரியல” என்றார் ஷட்டர்காரர். அந்த வாரத்தில் பஞ்சர்க்காரரிடம் அவர் சொன்ன முதல் உண்மை அது.

“சத்தமே இல்லாம இறங்குச்சு. உங்க கைதான்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு.”

ஷட்டர்காரர் குனிந்து ஸ்பேனர்களைப் பையில் போடத் தொடங்கினார்.

“உங்க அக்காவும் அந்த பாங்க்லதானே போட்டிருந்தாங்க? அவங்க பணம் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“நல்லதாப் போச்சு” என்றார் பஞ்சர்க்காரர். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “இனிமே எனக்கு அறை எங்க, ஷட்டர் எங்க? சனிக்கிழமை குடுத்தேனே அட்வான்ஸ், அதை மட்டும் திருப்பிக் குடுத்துடறீங்களா? வீட்டுல அது ஒண்ணுதான் இப்ப.”

அது பாங்க் ஷட்டருக்கு உள்ளே இருந்தது. கைக்கு வந்த ரொக்கம் இரும்பாகிவிட்டிருந்தது. ஷட்டர்காரர் வாயைத் திறந்தார். நேற்று மத்தியானம் பாங்க் ஷட்டரின் மேல் ஒட்டிய காகிதத்தில் என்ன எழுதியிருந்ததோ, அதுவே அவர் வாயிலிருந்து வந்தது.

“உங்க பணம் பத்திரமா இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு வாங்க.”

பஞ்சர்க்காரர் இந்த முறை நீங்க சொன்னா சரி என்று சொல்லவில்லை. நேற்று பாங்க் படியில் உட்கார்ந்தது போலவே, பட்டறை வாசலில் உட்கார்ந்துகொண்டார்.