இரண்டாவது பின்னல்

1

"கைய எடு அக்கா."

"குல்லாவச் சரி பண்றேன்டி, நழுவுது."

"நழுவத்தான் செய்யும். பிடிச்சு வெக்க உள்ள என்ன மிச்சம் இருக்கு?"

"கத்தாத. இப்பத்தான் குழாய எடுத்திருக்காங்க, தொண்ட—"

"ஒரு வார்த்த கேட்டியா என்ன?"

"கேட்டா பதில் சொல்ற நிலைமையிலயா கெடந்த? வாயில குழாய். பின்மண்டையெல்லாம் சிக்குப் பிடிச்சு கம்பளியாட்டம்—"

"சிக்குன்னா சீப்பு இருக்கு, எண்ணெ இருக்கு. கத்திரியா எடுப்பாங்க?"

"சவுரின்னு நெனச்சேன், ரோண்டா. எத்தன தடவ சொல்றது? சவுரின்னு நெனச்சேன்."

2

இந்தக் கதை எனக்கு ஒரு துணித்திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. பால்டிமோரில் முழங்கால் அறுவை முடிந்து நான் படுத்திருந்த கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவில் அந்தத் திரை. முகம் தெரியவில்லை, குரல் மட்டும். பேச்சு அந்தக் கறுப்பின அக்கா தங்கையுடையது, தமிழ் என்னுடையது. நடந்ததாக நான் சொல்லப்போவது பாதி அந்தச் சண்டையில் விழுந்தது, மீதி நானாக இட்டு நிரப்பியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "எர்லீன் பொறாமைக்காரி. தங்கையின் இடுப்பளவு முடியைக் கண்டதும் அவளுக்கு—"

அடித்துவிட்டேன். பொறாமைக்காரி தினமும் பஸ் மாறி வந்து நினைவில்லாத தங்கைக்குக் கால் பிடித்துவிட மாட்டாள்.

பிறகு இப்படி: "எர்லீன் ஒன்றும் அறியாதவள்."

அதையும் அடித்தேன். காரணம் நாலாம் பகுதியில் வரும்.

3

எர்லீனுக்குப் பால்பல் விழுந்த வயதிலேயே அம்மா சுருள் நீக்கும் மருந்தைத் தலையில் பூசினாள். எரிந்தது. "அழகுன்னா எரியத்தான் செய்யும், ஆடாம உக்காரு" என்றாள். ஈஸ்டருக்கு ஈஸ்டர் எரிந்தது. கல்யாணத்துக்குள் நெற்றியோர முடி பாதி போயிற்று. இப்போது சர்ச்சுக்கு ஒரு விக், கடைத்தெருவுக்கு ஒரு விக். "நம்ம வீட்டு முடி தோளத் தாண்டாது" என்பாள் அம்மா, மழை வரும் என்பதுபோல, சாதாரணமாக.

ரோண்டா பிறந்தபோது அம்மா ராத்திரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தையை முழங்கால்களுக்கு நடுவே உட்காரவைத்து, வகிடெடுத்து, களிம்பு தடவிப் பின்னியது எர்லீன்தான். வளர்ந்த பிறகு ரோண்டாவும் மருந்துக்குப் போனாள். பல வருஷம் கழித்து ஒருநாள் மருந்து பட்ட முடி எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிக்கொண்டு சர்ச்சுக்கு வந்து நின்றாள்.

"என்னடி, ஜெயில்லேந்து நேரா வர்றியா?" என்றாள் எர்லீன். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து ரோண்டா அக்காவுக்குத் தலையைக் காட்டியதில்லை. எப்போதும் சுற்றிக் கட்டிய துணி.

[ஒரு குறிப்பு. நம் பெண்கள் சவுரியை மறைப்பார்கள். இங்கே இவர்களுக்குச் சொந்த முடி நீண்டிருந்தால்தான் வம்பு. "உன்னுதா?" என்பார்கள். "ஆமா" என்றால் சிரித்துக்கொண்டே ஒரு விரல் உள்ளே வரும், சவுரி தைத்த தையலைத் தேடி. தேடுவதும் அதே மாதிரிச் சுருள்முடிக்காரிதான். எனக்கு அந்த விரல்தான் துக்கமாக இருக்கிறது.]

4

இதயக் கோளாறில் நினைவில்லாமல் கிடந்த ரோண்டாவின் தலைச்சிக்கைப் பிரிக்க முடியாது, மழித்துவிடலாம் என்றாள் செவிலி.

"யாரும் தொட வேணாம்மா. எங்க தலைய நாங்க பாத்துக்கறோம்," என்றாள் எர்லீன்.

மறுநாள் பல் அகன்ற சீப்பும் எண்ணெயும் கத்திரியும் கொண்டுவந்தாள். துணியை அவிழ்த்தாள். சிறுசிறு பின்னல்கள் இடுப்புவரை கிடந்தன. தோள்வரை இவளுடையது, கீழே கடையில் வாங்கியது என்று மனம் தானாகப் பிரித்துக்கொண்டது. சவுரி இழை சேர்த்துப் பின்னிய பின்னலை இவர்கள் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் அவிழ்ப்பார்கள்: சொந்த முடி முடிகிற இடத்துக்குக் கீழே வெட்டு, மேலே இருப்பதைப் பிரி. நுனியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

தோளுக்குச் சற்றுக் கீழே வெட்டினாள். துண்டு மடியில் விழுந்தது. மேல்பாதியைப் பிரித்தாள். பிரியப் பிரியச் சவுரி தனியே வழுக்கி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுடைய விரல்கள்—

(இங்கே பேனாவை வைத்துவிட்டேன்.)

இல்லை, வேறு மாதிரியும் இருக்கலாம். முதலில் எல்லாப் பின்னலையும் வரிசையாக வெட்டித் தள்ளிவிட்டு, அப்புறம் பிரிக்க உட்கார்ந்திருக்கலாம். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. அப்படியென்றால் அது கைப்பிசகு. யார் மேலும் பாவமில்லை. ஆனால் ஒன்றை வெட்டி, அதைப் பிரித்து, பிறகு அடுத்ததை எடுத்திருந்தால்? கடைமுடியின் வழவழப்பு வேறு, தான் களிம்பு தடவி வளர்த்த தலையின் முடி வேறு. கண் ஏமாறலாம். விரல்?

எர்லீனை நான் எவ்வளவு நெருங்கி எழுதினாலும் இந்த ஓர் இடத்தில் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்கிறாள்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எர்லீன் விக்கைக் கழற்றித் தன் வழுக்கையைக் காட்டுகிறாள், தங்கை அதைத் தடவிக்கொடுக்கிறாள். ரொம்ப அழகாக இருந்தது, கிழித்துப் போட்டேன். இன்னொன்றில், "முடிதானே, வளரும்." அது பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறவர்கள் சொல்வது. ரோண்டாவின் இதயம் அவ்வளவு காலம் கொடுக்குமா என்று டாக்டர்கள்கூட வாய் திறக்கவில்லை.

ஆகவே திரைக்கு அப்பாலிருந்து கேட்டதை அப்படியே தருகிறேன். வேலையின் வரிசையை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"வெட்டினதெல்லாம் எங்க?"

"வீட்ல. தலையணை உறையில போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணக்கூட எறியல."

"சவுரிய யாராவது எடுத்து வெப்பாங்களா?"

"அப்புறமாத் தெரிஞ்சுதுடி. நம்ம வீட்டு முடி தோளத் தாண்டாதுன்னு அம்மா—"

"தாண்டுச்சே அக்கா. எரிக்கல, இழுக்கல, ஒடையாமப் பாத்துக்கிட்டேன். அவ்வளவுதான், தாண்டுச்சு. உன்னுதும் தாண்டியிருக்கும்."

நாற்காலி நகரும் சத்தம்.

"தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம். சின்னதுல என் தலைய நீ எப்படி அவிழ்ப்பன்னு ஞாபகம் இருக்கா ஒனக்கு? ஒண்ண முழுசாப் பிரிக்காம அடுத்ததத் தொடவே மாட்ட. நான் தூங்கிடுவேன், நீ பாட்டுக்கு ஒவ்வொண்ணா... அக்கா, ரெண்டாவத ஏன் வெட்டின?"