துபாசி வாய் திறக்கும் முன்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஆங்கில மரபுத்தொடர்களுக்குப் பொருள் சொல்லும் புத்தகம் ஒன்றில், 'லுக் இன்ட்டு' என்றால் 'தீர ஆராய்தல்' என்று போட்டிருந்தார்கள். எந்த அலுவலகத்தில் ஐயா ஆராய்ந்தார்கள்? மனுக் கொடுத்தவனை வாசல்வரை பக்குவமாக அனுப்பிவைக்கும் சொல் அது. முதன்முதலில் அதைத் தமிழில் சொல்ல நேர்ந்தவன் எப்படித் திண்டாடியிருப்பான் என்று நினைத்தேன். இருப்புக் கொள்ளவில்லை. பழவேற்காட்டுக்குப் போனேன், கதையில்தான்.

2.

ஏரியின் மேல் அந்திச் சூரியன் பொன்னை உருக்கி

[வேண்டாம். ஏரியைப் பார்த்தாலே எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி வந்துவிடுகிறது.]

ஒல்லாந்தர் கோட்டையில் ஆங்கிலேயர் கொடி ஏறிய புதிது. பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி தசரதன் ஒல்லாந்தரின் டச்சுப் பேச்சில் புலி. ஆங்கிலம் நேற்றுக் கற்றது. அதில் அவனைப் படுத்தியவை பெரிய சொற்கள் அல்ல, வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பொடிச் சொற்கள். 'புட்' என்றால் வை. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. 'புட் அவுட்' என்றால் விளக்கை அணை. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். வைத்த பொருள் எங்கே போயிற்று என்று தேடுவான் தசரதன்.

(நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது? ஒருவன் நம்மைக் கைகழுவிவிட்டான் என்றால், தண்ணீர் எங்கே?)

3.

கோட்டைக்குப்பத்து மீனவன் மாரியும் அவன் மனைவி லோகாம்பாளும் கோட்டையின் ஆங்கிலேயத் துரை முன்னால் நிற்கிறார்கள். முகத்துவாரத்தில் வலை கட்டக் குப்பத்தில் வீட்டுக்கு வீடு முறை உண்டு. [வழக்கத்தைக் கதைக்கு வேண்டிய மட்டும் வளைத்திருக்கிறேன்.] முறை வந்த அன்று வலை இறங்காவிட்டால் அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். காரணம் கேட்க மாட்டார்கள். மழைக்காலம் முழுக்க அரைவயிற்றோடு கிடந்த மாரி வீட்டுக்கு நாளை முறை. இறால் ஏறும் நேரம் வேறு. துரையோ, படகுகளுக்கு இடைஞ்சல் என்று அங்கே வலைக்குத் தடை போட்டுவிட்டார். மீறினால் வலை எரியும், ஆள் கோட்டைச் சிறைக்குப் போவான்.

"துபாசி அய்யா, நாளைக்கு ஒரு நாளு மட்டும் வுடச் சொல்லுங்க. அப்பால நாங்க அந்தப் பக்கமே வலையோட வர மாட்டோம்," என்றாள் லோகாம்பாள்.

தசரதன் துரையிடம் சொன்னான். துரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, 'வில் லுக் இன்ட்டு இட்' என்றார்.

"இன்னா சொல்றாரு?"

4.

இங்கே பேனா நின்றுவிட்டது. துரை சன்னல் பக்கம் பார்த்ததிலேயே தசரதனுக்குப் பொருள் தெரிந்துவிட்டது: கிடையாது, போ. அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

முடிவு அ: "தீர விசாரிக்கறாராம்மா." புத்தகப்படி சரி. நம்பிக் காத்திருப்பார்கள், முறை போய்விடும்.

முடிவு ஆ: "ஒத்துக்கினாரு." மாரி வலை கட்டுவான். வலை எரியும், துபாசிக்கும் சவுக்கடி விழும்.

முடிவு இ: "முடியாதுன்ட்டாரு." உண்மை. ஆனால் அதைக் கேட்டு அடங்கிப் போகிற பெண்ணா லோகாம்பாள்? எனக்கு அவள் இன்னும் பிடிபடவில்லை. அழ வைத்துப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. துரையின் காலில் அவள் விழுந்து... சே, அதுவும் பொய்.

மூன்றையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே தசரதன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான்.

"போதும் வுடுங்க அய்யா," என்றாள் லோகாம்பாள். "ஆவும்னா அப்பவே சொல்லியிருப்பீங்க. இம்மா நேரம் முழிக்கறீங்கன்னா அது இல்லதான்." புருஷன் பக்கம் திரும்பினாள். "வாய்யா, வலைய எடுத்துனு போலாம். எரிச்சா எரிக்கட்டும். நம்ம முறைய நாமளே வுட்டுட்டு அப்பால இன்னாத்துக்குப் பொழைக்கறது?"

5.

போய்விட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. முடிவுகள் மூன்றும் மேசைமேல் கிடக்கின்றன. அவள் எதையும் கேட்காமல் நடக்கிறாள்.

துரை இப்போதுதான் சன்னலிலிருந்து திரும்புகிறார். அந்தப் பெண் என்ன சொல்லிவிட்டுப் போகிறாள் என்று கேட்கிறார். வாசலில் சிப்பாய் உத்தரவுக்கு நிற்கிறான். தசரதன் என்னைப் பார்க்கிறான். நான் யோசித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் பார்த்துவிட்டோமே.

உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். தசரதன் துரையிடம் என்ன சொல்லட்டும்? சொல்லுங்கள், சீக்கிரம்.