மூன்றாவது கோப்பி

விடியற்காலையில் அந்தச் செயின்ட்-மிஷேல் சலவைத் தொழிற்சாலையில் எழும்பும் நீராவியைப் பிடித்துக் கட்டினால், மொன்றியலிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் ஒரு கப்பலை ஓட்டலாம். ஹோட்டல்களிலிருந்து வந்த ஈர விரிப்புகள் கூரையை இடிக்கிற மாதிரிக் குவிந்து கிடந்தன. செனாடா ஒவ்வொன்றாக இழுத்து, உதறி, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் விட்டாள். பிளீச் தின்ற விரல்கள் எரிந்தன. தோள்கள் எப்போதோ அழுவதை விட்டுவிட்டன.

பொஸ்னியப் போர் துரத்த வந்தவள். மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தாள். பனிச்சப்பாத்தோடு நடக்கப் பழகினாள். பல்கனியில் குடைமிளகாய் சுட்டு, தீயணைப்பு வண்டியை வருடம் தவறாமல் வரவழைத்தாள். ஆனால் வேலையில் பக்கத்தில் நின்றவர்களெல்லாம் தமிழ்ப் பெண்கள். கனடாவுக்குப் பழகப் போனவள் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் பழகிவிட்டாள். அவள் தமிழில் திட்டினால் மன்னார் றோசலினே காதைப் பொத்துவாள்.

உருளைக்கு முன்னால் முன்பு ஒரு காவல் கம்பி இருந்தது. கை பட்டதும் இயந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறது, வேலை சுணங்குகிறது என்று முதலாளி றொபித்தாய் அதைக் கழற்றிவிட்டார். திங்கட்கிழமை விரிப்போடு சேர்ந்து, கூட வேலைசெய்த ஜென்சியின் வலக்கை உள்ளே போனது.

மறுநாள் முதலாளி எல்லோரையும் கூட்டினார்.

"வீட்டுச் சமையலில் சுட்டது என்று ஜென்சி சொல்லவேண்டும். நீங்களும் அப்படியே சொல்லவேண்டும். இல்லையென்றால் அவளுக்கு இங்கே வேலையில்லை. இந்த நாடு உங்களுக்கு எவ்வளவு தந்திருக்கிறது!"

"தந்தது நாடு, மொசியே. கம்பியைக் கழற்றியது நீங்கள்," என்றாள் செனாடா பிரெஞ்சில்.

"வாசலில் நூறு அகதிகள் நிற்கிறார்கள், மதாம்!"

வீட்டுக்குப் போகும் பஸ்சில் செனாடா முதலாளியை ஏழு தடவை உருளைக்குள் விட்டெடுத்து, நாலாக மடித்து, பொதிகட்டி ஹோட்டலுக்கு அனுப்பினாள். மனதுக்குள்தான். ஆத்திரம் ஒரு சொட்டும் குறையவில்லை.

"றோசலின், உவனுக்கு நல்ல மரியாதை ஒண்டு செய்யோணும்."

"என்னக்கா, அடியோ?"

"அதைவிட மோசம். கோப்பி."

பொஸ்னியாவில் விருந்தாளிக்கு மூன்று கோப்பி. முதலாவது, வா என்று சொல்ல. இரண்டாவது, இருந்து கதைக்க. மூன்றாவது, எழும்பிப் போ என்று சொல்ல. கேட்ட றோசலின் விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ்சிலிருந்து இறங்குமுன் அது யாருக்கு, எப்போது என்பதெல்லாம் முடிவாகிவிட்டது.

கார்ப் பந்தய வாரம். ஹோட்டல்களில் ஊசி குத்த இடமில்லை. வெள்ளிக்கிழமை விடிய, செனாடா தொழிற்சாலையிலேயே செப்புப் பாத்திரத்தில் தார்போலக் கோப்பி காய்ச்சினாள். முதலாளி முதல் கோப்பியை உறிஞ்சினார்.

"ஆ, இப்போதுதான் நன்றி தெரிகிறது!"

இரண்டாவதை நீட்டிக்கொண்டு கேட்டாள்: "கம்பியை மாட்டுவீர்களா? ஜென்சியின் கை இங்கேதான் வெந்தது என்று ஒப்புக்கொள்வீர்களா?"

"அந்தக் கதை முடிந்தது."

மூன்றாவதை மிகுந்த பணிவோடு கொடுத்தாள். அவர் உதட்டில் வைத்ததும் றோசலின் சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளைகள் நின்றன. அந்த அமைதியில் அவருக்குப் புரையேறிய சத்தம் நகரின் மறுகோடி ரொக்ஸ்பரோ வரைக்கும் கேட்டிருக்கும்.

"என்ன இது?"

"கம்பி வரும்வரை ஒரு தலையணை உறையும் வெளியே போகாது," என்றாள் செனாடா. "ஜென்சி உண்மையைச் சொல்லுவாள். நாங்கள் எல்லோரும் சாட்சி."

"எல்லோருமா?"

"ஓம்!" என்றது தொழிற்சாலை. அந்தத் தமிழ் அவருக்கும் விளங்கியது.

முதலாளி, ஹெயிட்டியிலிருந்து புதிதாக வந்திருந்த மிர்லாந்தின் பக்கம் திரும்பினார். குரல் தேனாகியது.

"நீ நல்ல பிள்ளை. உருளையைப் போடு. உன் வேலையை நிரந்தரமாக்குகிறேன்."

மிர்லாந்து உருளைக்கு அருகே போனாள். குனிந்து, கம்பி இருந்த இடத்தின் வெற்றுத் துளைகளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு இரு கைகளையும் மேலங்கிப் பைக்குள் செருகிக்கொண்டாள்.

"கம்பி எங்கே, மொசியே?"

அலுவலகத்தில் தொலைபேசி அலறத் தொடங்கியது. முதலாளி அங்கும் இங்கும் பார்த்தார். செனாடா நகர்ந்து இடம் விட, மிர்லாந்து வந்து வரிசையில் நின்றாள். குவிந்த விரிப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒருவரும் தொடவில்லை.