கால் எடுத்த ஆறு விநாடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகத் தொடங்கவில்லை. ஓர் அலுவலகத்துக்குக் கொடுக்கவேண்டிய அரைப்பக்க அறிக்கையாகத் தொடங்கியது. எழுதித் தரச் சொன்னவள் என் அக்கா. "நீதான் எழுதுறவனாச்சே, நாலு வரி எழுதிக் குடுடா" என்றாள். நாலு நாளாகிவிட்டது. நாலு வரி வரவில்லை, இது வந்திருக்கிறது.

அக்கா ஒரு பேருந்து நிறுவனத்தில் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். பதினோரு வருடமாக அவள் சொல்லிக்கொடுப்பது ஒரே பாடம். தூரத்தில் தடை தெரிகிறதா? பிரேக்கைத் தேடாதே. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு. கியரைக் குறை. எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நின்றுகொண்டு வருகிறவர்கள் தடுமாற மாட்டார்கள், டீசல் மிச்சம், பிரேக் தேயாது. ஒவ்வொரு மாதமும் யார் பிரேக்கை மிகக் குறைவாகத் தொட்டார்கள் என்று பலகையில் பெயர் எழுதுவாள். முதலில் வருகிறவருக்கு வேண்டிய நாளில் விடுப்பு.

பத்தொன்பது மாதமாகத் தொடர்ந்து முதலில் வந்தவரைச் சக ஓட்டுநர்கள் மெத்தை என்று கூப்பிடுவார்கள். அவர் வண்டியில் ஏறினால் தூக்கம் வந்துவிடும், அதனால்.

2

தொடக்கங்கள். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

(அ) "பாலத்திலிருந்து இறங்கும்போது மெத்தை காலை எடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது." நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் எங்கே?

(ஆ) "நாற்பது வயது பிளம்பர் ஒருவர், தோளில் கருவிப்பையோடு, இரண்டு சக்கர வண்டியில் —" இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அடுத்த வரியில் அவர் இடுப்பெலும்பு உடைந்தாகவேண்டும்.

(இ) "கீழ்க்கண்ட தேதியில் கீழ்க்கண்ட பேருந்து..." இதுதான் அக்கா கேட்டது. இதை எழுத நான் எதற்கு?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நாளுக்கு முன், பட்டப்பகலில், மெத்தையின் பேருந்து பாலத்துச் சாய்வில் இறங்கியது. கீழே வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்த அவர் காலை எடுத்தார், கியரைக் குறைத்தார். ஆறு விநாடியில் வேகம் நாற்பத்தாறிலிருந்து இருபத்தொன்றுக்கு வந்தது. உள்ளே ஒருவரும் அசையவில்லை. பின்னால் வந்த பிளம்பர் பேருந்தின் முதுகில் மோதி விழுந்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபடி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறார். "லைட் எரியவே இல்லீங்க. வண்டி ஓடிக்கிட்டுதான் இருக்குன்னு நெனச்சேன்."

யாரும் நம்பவில்லை. பின்னால் மோதினவன் வேறென்ன சொல்வான் என்கிறார்கள்.*

* அவர் சொல்வது அத்தனையும் உண்மை. பின்னாலிருக்கும் சிவப்பு விளக்கு பிரேக்கை மிதித்தால்தான் எரியும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரியாது. வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். பதினோரு வருடத்தில் ஒருவரும் இதை யோசித்துப் பார்க்கவில்லை என்பதில்தான் நான் ஆடிப்போயிருக்கிறேன்.

3

இப்போது எனக்கு மெத்தைமேல் சந்தேகம். மனிதர்மேல் அல்ல, பாத்திரத்தின்மேல்.

விசாரணையின் முதல் நாளில் அவர் மேலாளரிடம் சொன்னார்: "லேசா மிதிச்சேன் சார். லைட்டு எரிஞ்சிருக்கும்." பச்சைப் பொய். இரண்டாம் வரைவில் அவரைக் கோழையாக எழுதினேன். மூன்றாம் வரைவில் தியாகி ஆக்கினேன். இரண்டும் பொருந்தவில்லை. பேசாமல் நேரிலேயே போய்க் கேட்டுவிட்டேன். வண்டி கழுவும் இடத்தில் ரப்பர் செருப்போடு நின்றிருந்தார். விசாரணை முடியும்வரை வண்டி எடுக்கக் கூடாதென்று அங்கே போட்டிருக்கிறார்கள்.

"ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க தம்பி? மேடம் சொல்லிக்குடுத்தபடிதான் ஓட்டுனேன்னு சொன்னா, அவங்க தலைதானே உருளும்? என்னோட சேத்துத் தொண்ணூறு பேர் அப்படித்தான் ஓட்டுறோம்."

"அந்தப் பிளம்பர்?"

தண்ணீர்க் குழாயை மூடினார். திரும்பவும் திறந்தார். "அத நெனச்சா சோறு எறங்கல தம்பி" என்றார்.

இதை நான் கற்பனை செய்திருந்தால் இன்னும் ஒரு வரி பேசவைத்திருப்பேன்.

பேருந்துக்குள் ஒரு பெட்டி இருக்கிறது. கால் எப்போது எதை மிதித்தது, வேகம் எவ்வளவு என்று கோடுகளாகப் பதிந்துவைக்கும். அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவள் அந்த நிறுவனத்தில் அக்கா ஒருத்திதான். மறுநாளே ஒரு நீளத்தாளில் அச்செடுத்துப் பார்த்தாள். பிரேக்கின் கோடு மோதும்வரை தரையோடு தரையாகக் கிடந்தது. அடுத்த விநாடிதான் எழுந்தது. பெட்டி பத்து நாளுக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாது, பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். ஆக, உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு தாள்.

4

இந்தப் பகுதியில் நானும் இருந்தேன், அதனால் ஜோடிக்க வழியில்லை.

நாலு நாளுக்கு முன் அக்கா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டாள். அதே பாலம், அதே நேரம், வேறொரு ஓட்டுநரின் பேருந்து. அதன் பின்னால் போய்ப் பார்க்கவேண்டும் என்றாள். தெரிந்தேதான் போனோம். பேருந்து வேகம் குறையும் என்பதற்காகத்தான் அந்தப் பாலத்துக்கே வந்திருந்தோம், அதற்காகக் கண்கொட்டாமல் காத்திருந்தோம். இதை மறந்துவிடாதீர்கள்.

சாய்வில் இறங்கினோம். பேருந்தின் முதுகு ஒரே அளவாக எதிரில் இருந்தது. அக்கா ஒரு கணம் பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பேருந்தின் முதுகு எங்கள் முன்கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது.

"அக்கா!"

அவள் மிதித்த மிதியில் என் நெற்றி முன்பலகையில் இடித்தது. நாலு விரல் இடைவெளியில் நின்றோம். பேருந்து ஒன்றுமே நடக்காததுபோல் நகர்ந்து போனது. அதன் முதுகில் ஒரு சிவப்பு இல்லை, ஒரு சத்தம் இல்லை. எங்களுக்குப் பின்னால் ஹாரன்கள் அலறின.

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"பதினோரு வருஷம்டா" என்றாள். "அவங்க பக்கத்துல உக்காந்து உக்காந்து சொல்லிக்குடுத்தேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூடப் பின்னாடி வந்து பாக்கலயேடா நான்."

(இங்கே ஓர் உவமை போடலாம் என்று பேனாவைத் தூக்கினேன். வெட்கமாக இருந்தது. வைத்துவிட்டேன்.)

பெட்டியில் பதிந்திருந்தது என்ன என்று விசாரணைக்கு அவள் கொடுக்கவேண்டிய அறிக்கையை அன்றைக்குத்தான் எழுதித் தரச் சொன்னாள். எதை எழுதவேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

5

முடிவுகள். இரண்டு இருக்கின்றன.

ஒன்று: "பிரேக் மிதிக்கப்படவில்லை. விளக்கு எரியவில்லை. ஓட்டுநர் நான் கற்பித்தபடியே ஓட்டினார்." பிளம்பர் சொன்னது உண்மை என்று ஆகும். மெத்தை பொய் சொன்னதற்காக வீட்டுக்குப் போவார். அக்காவும் போவாள். தொண்ணூறு பேருக்கு வேறொருவர் வந்து, காலை எடுக்கும்போதே பிரேக்கையும் ஒரு தொடு தொட்டு விளக்கை எரியவிடுங்கள் என்று சொல்லித்தருவார். இவ்வளவு சின்ன விஷயம்.

இரண்டு: "பிரேக் லேசாக மிதிக்கப்பட்டது." ஒரே வாக்கியம். எல்லோரும் அவரவர் நாற்காலியில் இருப்பார்கள். பிளம்பர் மட்டும் உடைந்த இடுப்போடு பொய்யன் என்ற பெயரையும் சுமப்பார்.

"ரெண்டையும் எழுதிக் குடு" என்றாள் அக்கா.

"எதுக்கு ரெண்டு?"

"குடுடா, பாத்துக்கலாம்."

எழுதிக் கொடுத்தேன். என்னைத் தூக்கிவாரிப்போட்ட ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இரண்டில் பொய்தான் நன்றாக வந்திருந்தது. "லேசாக" என்ற சொல்லுக்காக அரைமணி நேரம் செலவழித்திருந்தேன். முதலில் "மெல்ல" என்று போட்டு, அடித்து, "மென்மையாக" என்று போட்டு, அதையும் அடித்து... இடுப்பு உடைந்து கிடக்கிற ஒரு மனிதனைப் பொய்யனும் ஆக்குகிற சொல்லை நான் இழைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! பிளம்பருக்கான தாளை ஐந்து நிமிடத்தில் முடித்திருந்தேன்.

6

இன்று காலை பத்து மணிக்குக் கடைசி விசாரணை. அக்கா எட்டரைக்கே வந்து இரண்டு தாளையும் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். என் மேசையருகே கொஞ்சநேரம் நின்றாள். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள், போய்விட்டாள். எதில் கையெழுத்துப் போடப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. எழுதுகிறவன் நான், தீர்மானிக்கிறவள் அவள்.

அந்த நிம்மதியோடு உட்கார்ந்து இந்தப் பகுதியைத் தொடங்கினேன். முடிவை உங்கள் தலையில் கட்டிவிட்டுக் கழன்றுகொள்வதாகத் திட்டம். கடைசி வாக்கியம்கூடத் தயாராக இருந்தது: "வாசகரே, பேனா இனி —"

வரைவுகளை அடுக்கலாம் என்று தூக்கினேன். அடியில் அந்த நீளத்தாள்.

ஒழுங்காக, நான்காக மடித்து வைத்திருக்கிறாள். பிரித்தேன். வேகத்தின் கோடு சரிகிறது, பிரேக்கின் கோடு தரையோடு கிடக்கிறது, பக்கத்தில் அவள் கையெழுத்தில் தேதி.

போன் செய்தேன். அணைத்துவைத்திருக்கிறாள்.

மறந்துவிட்டாளா? அக்கா மறக்கிற ஆள் இல்லை. பொய்யில் கையெழுத்துப் போடும்போது இந்தத் தாள் அந்த அறையில் இருக்கக் கூடாதென்று வைத்துப்போனாளா? அல்லது தன்னால் முடியாது, இவனாவது கொண்டுவரட்டும் என்று என் எழுத்துக்கு அடியிலேயே செருகிவிட்டுப் போனாளா? இதை நான் கொண்டுபோனால் என் அக்காவின் பதினோரு வருடத்தையும், சோறு இறங்காத ஒரு மனிதரின் வேலையையும் என் கையாலேயே முடித்துவைக்கிறேன். போகாவிட்டால், படுத்த படுக்கையில் ஒருவர் உண்மையைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றுவார், அதை நிரூபிக்கும் ஒரே தாள் என் மேசையில் கிடக்கும்.

மணி ஒன்பது நாற்பது. வண்டியில் போனால் இருபது நிமிடம். ஒன்பது நாற்பதுக்கு ஒருவன் உட்கார்ந்து ஒன்பது நாற்பது என்று எழுதிக்கொண்டிருக்கிறானே, அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லவேண்டாம், தெரியும்.

அங்கே போய் அவள் கையில் கொடுப்பேனா, மேலாளர் மேசையில் வைப்பேனா என்பது எனக்கே தெரியாது. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு நேரமில்லை. ஒன்பது நாற்பத்தொன்று. சாவியை எங்கே வைத்துத் தொலைத்தேன், இதோ,