கடைசி வரிசையில் ஓர்வில் மாமா

1

இந்தக் கதை புகையிலிருந்து வந்தது. என் சமையலறைச் சன்னலுக்கு எதிரே லூத்தரன் தேவாலயம். இந்தக் குளிர்காலம் முழுக்க, ஞாயிறுதோறும் அதன் வண்டி நிறுத்துமிடத்தின் கடைசி வரிசையில் ஒரு பச்சை பிக்கப் வண்டி, எஞ்சின் ஓடியபடியே புகை விட்டுக்கொண்டு நின்றது. ஆராதனை தொடங்கும்போது வரும்; முடிவதற்குச் சற்று முன்பு போய்விடும். உள்ளே இருப்பது யார், ஏன் இறங்குவதில்லை என்று பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஜனெல்தான் பதில் சொன்னாள். அவள் சொன்னது கொஞ்சம். மீதி என் கைச்சரக்கு, அதை மறைக்கப்போவதில்லை.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மினசோட்டாவின் உறைபனியில், எண்பத்து மூன்று வயது ஓர்வில் டிவெயிட்டின் தளர்ந்த இதயம்..."

வேண்டாம். ஓர்வில் இதைப் படித்தால் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இரண்டாவது: "நடக்க இயலாதோருக்கான வாகன நிறுத்த அனுமதி அட்டையைப் பெற விரும்புவோர்..."

இது அரசாங்கச் சுற்றறிக்கை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

ஓர்வில் ஜனெலின் தாய்மாமன். மனைவி இறந்தபிறகு தனியாக இருக்கிறார். தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. அதே குழுவில் ஜனெலும் பாடுகிறாள். முதல் பனி விழுந்ததிலிருந்து மாமா வரவில்லை. கேட்டதற்குப் பாதை வழுக்குகிறது என்றார், அவளும் நம்பிவிட்டாள்.

ஒரு ஞாயிறு அவள் தாமதமாக வந்தாள். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. பக்கத்தில் பச்சை பிக்கப், கண்ணாடியெல்லாம் ஆவி. உள்ளூர் வானொலி ஆராதனையை நேரடியாக ஒலிபரப்பும். அதைச் சத்தமாக வைத்துக்கொண்டு, உள்ளே ஓர்வில் தன் அடிக்குரலைப் பாடிக்கொண்டிருந்தார். கழுத்துப்பட்டைகூடக் கட்டியிருந்தார்.

ஜனெல் கண்ணாடியைத் தட்டினாள். "இங்க என்ன மாமா பண்றீங்க?"

"பாடுறேன்."

பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை அவளும் தன் பங்கைப் பாடினாள். பிறகு மெதுவாக விஷயத்தைக் கறந்தாள். கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறதாம். மளிகைக் கடையில் சமாளித்துவிடுவாராம். அலமாரி முன்னால் நின்று ஏதாவது ஒரு டப்பாவை எடுத்து, அதில் போட்டிருப்பதைப் படிப்பார். தபால் நிலையத்தில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. ஆனால் வண்டி நிறுத்துமிடத்துக்கும் தேவாலயக் கதவுக்கும் நடுவில் வெறும் பனி.

"நடுவுல நிக்கிறதுக்கு ஒரு சாக்கு வேணும்லம்மா. அங்க படிக்க ஒண்ணுமே இல்ல."*

* மாமா சொன்னதாக ஜனெல் சொன்னது "சும்மா நிக்க வெக்கமா இருக்கு" என்பதுதான். இந்த வாக்கியம் என்னுடையது. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

3

தேவாலயக் கதவை ஒட்டி, நடக்கச் சிரமப்படுபவர்களுக்கென்று நீல வண்ணமடித்த இரண்டு இடங்கள் இருக்கின்றன. வண்டியின் முன்கண்ணாடியில் நீல அட்டை தொங்கினால் அங்கே நிறுத்தலாம். இருநூறு அடி நடப்பதற்குள் நின்று இளைப்பாற வேண்டியிருக்கிறது என்று மருத்துவர் கையெழுத்திட்டால் அட்டை கிடைக்கும். ஜனெல் படிவத்தை நிரப்பினாள், மாமாவை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் புதுச்சட்டை போட்டு, சவரம் செய்து, பெண் பார்க்கப் போகிறவர்போல வந்தார். துணைக்கு உள்ளே வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தபோது படிவம் வெறுமையாக இருந்தது.

டாக்டர் கப்லன் நியூ ஜெர்சியிலிருந்து அந்த இலையுதிர்காலத்தில்தான் வந்து சேர்ந்தவர். நடக்கச் சிரமமா என்று கேட்டார். அப்படியொன்றும் மோசமில்லை என்றார் ஓர்வில். அட்டைக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்றார். ஐயோ எனக்கெதற்கு, என்னைவிட முடியாதவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள் என்றார் ஓர்வில். டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

"ஒரே ஒரு தடவதாம்மா கேட்டாங்க," என்றார் ஓர்வில், வண்டியில் ஏறியதும். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பதும், மறுபடி கேட்டால் சிரமப்படாதீர்கள் என்பதும், மூன்றாம் முறை கேட்டால் சரி, அரைக் கோப்பை என்பதும்தான் இந்த ஊர். நியூ ஜெர்சியில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போலிருக்கிறது.

4

(இங்கே எனக்கு அந்த டாக்டர்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமாகவா விட்டுவிடுவார்? ஒரு பிரதியில் அவரைத் திருநெல்வேலிக்காரராக மாற்றிப் பார்த்தேன். இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு போதும் போதும் என்பவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடத் தெரிந்த ஆள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கதை அங்கேயே முடிந்தது, எனக்கும் ஏக சந்தோஷம். ஆனால் ஜனெலுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அவரை விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டேன்.)

5

இரண்டாம் முறை ஜனெல் விடவில்லை. மாமா வரவேற்பறையில் இருக்கும்போதே டாக்டரைத் தனியாகப் பிடித்தாள். மூன்று தடவை கேட்கவேண்டும், முதல் இரண்டு பதில் கணக்கில் வராது என்று விளக்கினாள். டாக்டருக்குச் சங்கடம். நோயாளி வேண்டாம் என்றால் வற்புறுத்தக்கூடாது என்றுதான் தனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார். "இது வற்புறுத்தல் இல்ல டாக்டர், மரியாதை," என்றாள் ஜனெல்.

டாக்டர் தானே வரவேற்பறைக்கு வந்து ஓர்வில்லை நடத்தி அழைத்துப் போனார்; ஜனெலும் பின்னாலேயே போனாள். நடைவழியின் பாதியில் ஓர்வில் நின்றுவிட்டார். சுவரில் காணாமல் போன பூனை ஒன்றைப் பற்றிய அறிவிப்பு இருந்தது. அதை ஊன்றிப் படித்தார். பூனையின் நிறத்தை விசாரித்தார். கறுப்பு வெள்ளையில் அச்சடித்திருக்கிறார்களே என்று குறைப்பட்டுக்கொண்டார். டாக்டர் பூனையைப் பார்க்கவில்லை. ஏறி இறங்கும் அவர் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு உட்காரவைத்துக் கேட்டார். வேண்டாம் என்றார் ஓர்வில். மறுபடி கேட்டார். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார். டாக்டர் ஜனெலை ஒருமுறை பார்த்துவிட்டு, பரீட்சை எழுதும் முகத்தோடு மூன்றாம் முறை கேட்டார்.

"எழுதித்தான் ஆகணும்னா எழுதுங்க," என்றார் ஓர்வில். "அந்தப் பூனை கிடைச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

6

அட்டை வந்துவிட்டது. நியாயமாகக் கதை முடிந்துவிட வேண்டும். ஓர்வில் நீல இடத்தில் நிறுத்தி உள்ளே நுழைய, சபை முழுவதும் திரும்பிப் பார்த்துக் கண்கலங்க...

இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அடித்துவிட்டேன்.

அட்டை உறைக்குள்ளேயே கிடக்க, வசந்தம் வரும்வரை அவர் வானொலியோடு பாடிக்கொண்டிருக்க...

இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நடந்தது வரையில் சொல்கிறேன். அடுத்த ஞாயிறு சன்னலில் பார்த்தால், கடைசி வரிசையில் மறுபடியும் புகை. நீல இடங்கள் இரண்டும் காலி. ஜனெல் பாடகர் அங்கியோடு, கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடிவந்தாள். ஓர்வில் கண்ணாடியை இறக்கினார். அட்டையை முன்கண்ணாடியில் மாட்டியிருந்தார். அதுவரை மகிழ்ச்சி.

"முன்னாடி போயி நிறுத்தலாம், வாங்க மாமா."

"எப்பவும் அங்க நிறுத்துற குட்ரூன் வந்தா அவளுக்கு இடம் வேணும்ல."

"அவங்க அரிசோனாவுக்கு மக வீட்டோட போயி ஒரு வருஷமாச்சு." ஜனெல் விரல்களை ஊதிக்கொண்டாள். "பாட்டு ஆரம்பிக்கப் போறாங்க. அடிக்குரலுக்கு ஆளே இல்ல. வாங்க."

"எனக்காக நீ ஏன் குளிர்ல நிக்கிற? நீ போம்மா."

இரண்டு தடவை ஆகிவிட்டது. ஓர்வில்லின் கை கியர்மேல் இருக்கிறது. வானொலியை அணைத்துவிட்டார். ஜனெல் வாயைத் திறக்கிறாள். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். மூன்றாவது தடவையை உங்களுக்கு வைத்திருக்கிறேன், நீங்கள் கேளுங்கள். கெஞ்ச வேண்டாம், காபி வேண்டுமா என்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டால் போதும். கொஞ்சம் சீக்கிரம், ஜனெல் கோட்டில்லாமல் நிற்கிறாள்.