அளவு சொல்லாமல் கட்டிய மாலை

ராசம்மாள் மருமகள் மௌனிகாவின் பீரோவைத் திறந்து, அடித்தட்டில் மடித்து வைத்திருந்த சேலைகளுக்குக் கீழே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது புருஷனின் ஆதார் அட்டை. சாவைப் பதிய வேண்டும், பத்து மணிக்குள் எடுத்துக் கொடுங்கள் என்று கொழுந்தன் குருசாமி இரண்டு தடவை கேட்டுவிட்டான். போன மாதம் ரேசன் கடையில் கைரேகை வைக்கிற மஸ்டரிங்குக்காக எல்லார் அட்டையையும் வாங்கியவள் மௌனிகாதான். அவள் காப்பி வாங்கிவரப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை.

கைக்கு அட்டை வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. உள்ளே சாட்டின் மொட்டுகள். ஒரு சாண் நீளத்துக்கு வெளியே இழுத்துப் பார்த்தாள். வெள்ளை மொட்டு நாலு, மஞ்சள் மொட்டு ஒன்று, மறுபடி வெள்ளை நாலு. போட்டோவுக்குப் போடுகிற மாலை.

வாசலில் யாரோ வரும் சத்தம் கேட்டது. கவரை வைத்த இடத்திலேயே திணித்து பீரோவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் கை கைப்பிடியிலேயே இருந்தது.

கோவிந்தாபுரத்தில் அந்த வீட்டைத் துணிப்பூ வீடு என்பார்கள். புருஷன் சென்னிமலைக்குத் தோப்பும் வாய்க்காலோரம் வயலும் உண்டு. பூ வேலை ராசம்மாள் ஆரம்பித்தது. கல்யாணக் காருக்கு ரோஜா, பெண்ணின் சடைக்கு மல்லிகை, வீட்டு நிலைக்குத் தோரணம். பொழுது சாய்ந்ததும் நாலு பேரும் கூடத்தில் உட்காருவார்கள். மௌனிகா ரிப்பனை வெட்டி, ஓரம் பிரியாமல் மெழுகுவர்த்தியில் காட்டித் தருவாள். சென்னிமலை மொட்டுச் சுற்றிச் சூட்டுப் பசை வைத்து ஒட்டுவார். ராசம்மாள் கோப்பாள். மகன் கோபிநாத் கட்டியதைப் போனில் படம் எடுத்து ஊர் ஊராக அனுப்புவான். சென்னிமலை சுற்றும் மொட்டு ஒன்று கடுகு மாதிரி இருக்கும், ஒன்று கத்தரிக்காய் மாதிரி இருக்கும். பாதியைப் பிரித்து அவர் மடியிலேயே திருப்பிப் போடுவாள் ராசம்மாள்.

செத்தவர் படத்துக்கு மாலை கட்டுவதில் மட்டும் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். முதலில் ஆள் போக வேண்டும். பிறகு படத்தின் அளவு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் ரிப்பனைத் தொட வேண்டும். கட்டிய மாலை அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். கட்டித் தயாராகக் கிடந்தால் அது ஆள் தேடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஆணுக்கும் புருஷன் இல்லாதவளுக்கும் அடியில் வெள்ளைக் குஞ்சம். புருஷன் இருக்கப் போனவளுக்குச் சிவப்புக் குஞ்சம். பதினாலு வருஷத்தில் ஒரு மாலைகூட அந்த வீட்டில் ராத் தங்கியதில்லை.

சென்னிமலை செத்தது நேற்று சாயங்காலம். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் ரிப்பனைத் தொடவில்லை. அப்படியென்றால் அந்த மாலை முன்கூட்டியே கட்டியது.

கூடத்துக்கு வந்து ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் சென்னிமலைக்குத் தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். பல்வலிக்காரர் போலத் தெரிந்தார். கால்மாட்டில் ஒறம்பரையாக வந்த உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் மெல்லப் பேசிக்கொண்டார்கள்.

"துணிப்பூ கட்டற ஊட்டுல பொணத்துக்குக் கடைப்பூதான் போட்டிருக்குது பாரு."

"பின்ன, துணிப்பூவப் போட்டு எரிக்கறதா? பொசுங்குன நாத்தம் பொள்ளாச்சி வரைக்கும் போவும்."

"மருமவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியக் காணமே."

ராசம்மாளுக்கும் அது நேற்றே பட்டிருந்தது. இப்போது ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். கோப்பதுதான் அவள் வேலை.

நேற்று மத்தியானம் அவள் பொள்ளாச்சியில் ஒரு சீருக்குப் போயிருந்தாள். கோபிநாத் கொழிஞ்சாம்பாறைக்குத் தோரணம் கொடுக்கப் போயிருந்தான். வீட்டில் மௌனிகாவும் மாமனாரும் மட்டும். மூன்று மணிக்கு வேர்த்து வந்தார், மோர் கேட்டார், நெஞ்சு எரிகிறது என்று படுத்தார், நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால் மூச்சு இல்லை. மௌனிகா சொன்னது அவ்வளவுதான். ஆனால் கோபிநாத்துக்குப் போன் வந்தது நாலே முக்காலுக்கு. ராசம்மாள் வந்து சேர்ந்தபோது மோர் குடித்த டம்ளர் கழுவித் துடைத்து அலமாரியில் கவிழ்த்திருந்தது. தெருமுனை டாக்டர் வந்தார், கண்ணை விலக்கிப் பார்த்தார், வயசைக் கேட்டார், ஹார்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் வீட்டில் ஒரு சண்டை. வாய்க்காலோர வயலை விற்றுப் பொள்ளாச்சியில் பூக்கடை போடலாம் என்று கோபிநாத் கேட்டான். கேட்டது அவன் வாய், பேச்சு மௌனிகாவுடையது. "நான் இருக்கற வரைக்கும் அதுல ஒரு சென்ட் அசையாது," என்றார் சென்னிமலை. மௌனிகா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

நான் இருக்கிற வரைக்கும்.

கோபிநாத் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான். அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன் கண்ணு, அப்பனுக்கு மாலை ஏதாச்சும் கட்டி வெச்சிருக்குதா?"

"எங்கம்மா கட்டறது? போட்டோவே இன்னும் ஸ்டுடியோல இருக்குது. காரியம் முடியட்டும். எல்லாரும் உக்காந்து கட்டலாம்."

முகத்தைப் பார்த்தாள். மூக்கு சிவந்திருந்தது. பொய் சொன்னால் அவனுக்கு இடது காது துடிக்கும். துடிக்கவில்லை. அப்படியென்றால் இவனுக்குத் தெரியாது.

குருசாமி வந்து குனிந்தான். சென்னிமலைக்குச் சித்தப்பா மகன்; அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவான். நேற்றிலிருந்து எல்லா வேலையையும் அவனே தலையில் போட்டுக்கொண்டிருந்தான். "நங்கையா, பதினோரு மணிக்கு எடுத்தரலாமுங்களா? வெயிலாயிருச்சுன்னா வந்தவங்களுக்குச் செரமம். அந்தக் கார்டு கெடச்சுதுங்களா?"

"தேடிட்டிருக்கறேன்."

மணி பத்தேகால். எரித்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இப்போது வாயைத் திறந்தால் போலீஸ் வரும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுப்பார்கள். மகன் குடும்பம் அதோடு முடிந்தது. சந்தேகம் பொய்யாக இருந்தாலும் முடிந்ததுதான். ஒரு தடவை சொன்ன வார்த்தையைத் திருப்பி உள்ளே போட முடியாது. சொல்லாவிட்டாலோ, அவள் ஆற்றித் தருகிற காப்பியைத்தான் இனி தினமும் குடிக்க வேண்டும்.

மௌனிகா காப்பித் தூக்கோடு பின்கட்டு வழியாக வந்தாள். ராசம்மாள் எழுந்து போய் அவள் கையிலிருந்து தூக்கை வாங்கித் திண்டின் மேல் வைத்தாள்.

"உள்ள வா."

அறைக்குள் வந்ததும் தாழ்ப்பாள் போட்டாள். பீரோவைத் திறந்து கவரை எடுத்துக் கட்டில் மேல் போட்டாள்.

"இது என்ன?"

மௌனிகாவின் பார்வை கவரிலிருந்து கதவுக்குப் போனது.

"அத்தை, இப்ப வேண்டாமுங்க. பொறவு பேசலாமுங்க."

"பொறவுன்னா? எரிச்சுப்போட்டு வந்தா?"

"மெல்லப் பேசுங்க. ஆளுக இருக்காங்க."

"இருக்கட்டும். யாருக்குக் கட்டுன?"

மௌனிகாவின் விரல் நுனியில் ஒட்டியிருந்த பசை காய்ந்து தோலாக உரிந்திருந்தது. அதைப் பிய்த்துக்கொண்டு நின்றாள்.

"மோர் டம்ளர எதுக்குக் கழுவுன?"

"டம்ளருங்களா?" கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "நீங்க என்ன நெனச்சிட்டு இருக்கறீங்க?"

"நெனச்சத வெளிய போயிச் சொல்லட்டுமா?"

"ஈ மொச்சுதுங்க, கழுவுனேன். நீங்கதான எச்சப் பாத்திரம் கெடக்கக்கூடாதும்பீங்க? கெடந்திருந்தா அதுக்கும் திட்டியிருப்பீங்க."

"நாலு மணிக்குப் போச்சுங்கற. நாலே முக்காலுக்குப் போன் பண்ணுன. அது வரைக்கும் என்ன பண்ணுன?"

"கையப் புடிச்சு உக்காந்திருந்தனுங்க."

"முக்கா மணி நேரமா?"

"எனக்கு என்னங்க தெரியும்? செத்தவங்கள நான் கிட்டத்துல பாத்ததில்ல. தூங்கறாப்பல இருந்துச்சு. போன் பண்ணிட்டா நெசமாயிருமேன்னு உக்காந்திருந்தேன். போதுமுங்களா?"

போதவில்லை. ராசம்மாள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். "மாலை யாருக்குன்னு இன்னும் நீ சொல்லல."

மௌனிகா கவரின் அடியைப் பிடித்துத் தலைகீழாகக் கொட்டினாள். மாலை முழுதாகக் கட்டில் மேல் விழுந்தது. அந்துருண்டை வாசனை அறையெல்லாம் ஏறியது. மடித்த இடங்களில் வெள்ளை ரிப்பன் பழுப்பேறியிருந்தது. நேற்றோ போன வாரமோ கட்டியது இல்லை. அடியில், விரல் நீளத்துக்கு, குங்குமச் சிவப்பில் குஞ்சம்.

வெளியே யாரோ புதிதாக வந்து ஒப்பாரி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்தது.

"மாமா சொல்லக்கூடாதுன்னாருங்க," என்றாள் மௌனிகா. "உங்க கண்ணுல படாத எடம் என்ற பீரோதான்னு இங்க வெக்கச் சொன்னாரு."

"எப்ப?"

"போன தை. நீங்க கோயமுத்தூர்ல வெண்டிலேட்டர்ல கெடந்தப்ப. ஒறம்பரைக்கெல்லாம் சொல்லிருங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அன்னிக்கு மத்தியானம் பஸ்ஸுல வந்து எறங்குனாரு. குளிக்கல, திங்கல. ரிப்பன எடு கண்ணுன்னாரு. நான் வேண்டாம் மாமான்னேன். அவளுக்கு ஊரான் கட்டுன மாலையப் போட முடியாதுன்னாரு. நான் ரிப்பன் சுட்டுக் குடுத்தேன். அவரே சுத்தி, அவரே கோத்தாரு."

"அளவு?"

"எங்க கல்யாணப் போட்டோல இருந்து உங்கள மட்டும் வெட்டி ஸ்டுடியோல குடுத்திருந்தாருங்க. அந்த அளவு. நீங்க கண்ணு முழிச்சதும் போட்டோவக் கிழிச்சு வாய்க்கால்ல உட்டுட்டாரு."

கண் விழித்த அன்று சென்னிமலையின் கட்டை விரலில் ஒரு கொப்புளம் இருந்தது ராசம்மாளுக்கு நினைவு வந்தது. கேட்டதற்கு, பைக் சைலன்சரில் பட்டுவிட்டது என்றார். பசை சுட்டது. அவள் மூச்சுக்கு முட்டிக்கொண்டு கிடந்தபோது, தென்னைக்குத் தண்ணீர் கட்டப் போனார் என்றுதான் கோபிநாத் பிறகு சொன்னான். இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"மாலைய மட்டும் ஏன் கிழிக்கல?"

மௌனிகா சொல்லலாமா என்று யோசித்தாள்.

"நல்லா வந்துருச்சும்பாருங்க. நான் சுத்துனதுலயே இதுதான் ஒரே அளவா வந்துருக்குது, உங்கத்தைகிட்டக் காட்டத்தான் வழியில்லைன்னு சிரிப்பாரு."

ராசம்மாள் கட்டிலில் உட்கார்ந்து மாலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு மொட்டாக விரலால் உருட்டிப் பார்த்தாள், சரக்குப் பார்க்கிற மாதிரி. ஒன்றுகூடப் பெரிசு சிறிசு இல்லை. பிரித்துப் போட ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சில நேரம் மொட்டுச் சுற்றுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். பிழைத்து வந்தவளை ஆசையாகப் பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது என்ன பார்வை என்று தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை.

தலையணைக்குப் பக்கத்தில் ரிப்பன் வெட்டும் கத்தரி கிடந்தது. எடுத்துச் சிவப்புக் குஞ்சத்தை நறுக்கினாள். நூல் கனமாகச் சுற்றியிருந்தது. இரண்டு தடவை வெட்ட வேண்டியிருந்தது.

"வெள்ளை வெச்சுக் கட்டிரு. அவசரமில்ல."

"மாமா போட்டோக்குங்களா?"

"அளவு எனக்கெடுத்ததுதான? இந்த பீரோலயே கெடக்கட்டும்."

மௌனிகா பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ராசம்மாள் அவளைத் தொடவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். இதுவும் பொய்யழுகையோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நினைப்பு இனிச் சீக்கிரம் போகாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"கார்டு எங்க வெச்சிருக்கற?"

மௌனிகா மூக்கைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். நாலு அட்டையும் ரப்பர் போட்டு ஒன்றாக இருந்தன. ஒன்றை உருவிக் கொடுத்தாள்.

கதவைத் தட்டினான் குருசாமி. "நங்கையா, அண்ணனுக்குத் தண்ணி வாக்கறவங்க நிக்கறாங்க. என்னங்க பண்றது?"

ராசம்மாள் தாழ்ப்பாளை நீக்கினாள். வாசலில் பத்துப் பதினைந்து முகங்கள் அவளைப் பார்த்தன. பின்னால் மௌனிகா நிற்பது அவளுக்குக் கேட்டது, மூச்சை அடக்கிக்கொண்டு.

அட்டையைக் குருசாமியிடம் நீட்டினாள்.

"எடுங்க," என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு வாடகைக்காரர்கள் வந்து ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆண்கள் சுடுகாட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. பெட்டி இருந்த இடத்தில் தரை ஆள் நீளத்துக்கு நனைந்திருந்தது. மௌனிகா துணியைக் கொண்டுவந்து ஒரு மூலையில் குந்தினாள்.

"உடு," என்றாள் ராசம்மாள். "தன்னால காயட்டும்."

இரண்டு பேரும் ஈரத்துக்கு ஆளுக்கொரு பக்கமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஓரங்கள் மெல்ல உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தன.