இரண்டு பள்ளங்கள்

தாராவியிலிருந்து தினமும் பஸ் ஏறி ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், விஞ்ஞானிகள் தரும் எண்களைப் படமாக்குவது அபுதாஹிரின் வேலை. ஒரே அளவுள்ள எண்களை இணைத்து மையில் கோடு இழுப்பார். அதற்கு முன் இருபது வருஷம் அரசாங்கத்துக்காக மலைகளை இதே முறையில் வரைந்தவர். கோடு சுத்தமாக விழும். கொஞ்சம் கர்வமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

1987இல் அவர் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. வருஷா வருஷம் புதுப்பிக்கும் வேலை என்பதால், மனைவி சைனபைத் தவிர யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை.

மாட்டுங்காவிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி நாகலக்ஷ்மி ஐந்து வருஷமாக ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் கூட்டம் ஒன்று. நடுவிலிருக்கும் பெரிய மண்டலம் இரு பக்கமும் எதையோ பீய்ச்சி ரேடியோ அலைகளை வீசுகிறது. கூட்டம் முழுக்கப் பரவிய சூடான வாயுவை அது ஒதுக்கித் தள்ளுகிறதா? தள்ளினால் வாயுவின் படத்தில் நடுவுக்கு இரு பக்கமும் பள்ளம் தெரிய வேண்டும். அபுதாஹிர் வரைந்த படத்தில் பள்ளம் இல்லை.

நடு மண்டலத்தால் சுற்றுப்புறத்துக்கு ஒரு பாதிப்புமில்லை என்று ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டதாகவும், திங்கட்கிழமை சமர்ப்பிக்கப்போவதாகவும் அவரிடம் வந்து சொன்னாள். அழுத முகம்.

அவருக்குச் சுருக்கென்றது. அவள் போனதும் எண் தாள்களின் கட்டைப் பிரித்தார். நடுவுக்கு இரு பக்கமும் எண்கள் சட்டென்று இறங்கியிருந்தன. நினைவு வந்துவிட்டது. உச்சியை ஒட்டி இரு பக்கமும் குழி விழுந்த மலையை அவர் கண்டதில்லை. எண்களை அச்சடித்த இயந்திரத்தின் பிழை என்று தானே தீர்மானித்து, கோட்டைக் குழியின் மேலேயே ஓட்டிவிட்டார். உதவி என்று நினைத்துச் செய்த பாவம் அது.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. திறந்தால் கண்ணைப் பற்றிக் கேட்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் தாள்களோடு அவள் முன்னால் போய் நின்றார்.

"நம்பரெல்லாம் சரிதாம்மா. நாந்தான் பிழைன்னு நெனச்சு ரெண்டு குழியயும் மூடிட்டேன். கண்ணுல பொரை விழுந்திருக்கு, அது மேல பழிய போட்டுரலாம். ஆனா அன்னிக்கு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது."

அவள் எண்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"அஞ்சு வருஷம், பாய்," என்றாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

சனிக்கிழமை மதியத்துக்குள் புதுப் படம் முடிந்தது; நடுவுக்கு இரு பக்கமும் கோடு ஓடாத இரண்டு பள்ளங்கள். படத்தை மாற்றிய காரணத்தைத் துறைத்தலைவர் கேட்டார், கூடவே கண்ணைப் பற்றியும் கேட்டார். அபுதாஹிர் பொய் சொல்லவில்லை. நாகலக்ஷ்மி அவருக்காக மன்றாடிப் பார்த்தாள். வேலையை இனிப் புதுப்பிப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் சைனப் அவர் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டே, கடைசியாக என்ன வரைந்தீர்கள் என்று கேட்டாள்.

"ரெண்டு எடத்த வரையாம விட்டுட்டு வந்தேன்," என்றார்.